ஆறு நிமிட நடைக்கு ஒரு டியூஷன்

நான் ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடுகிறவர்கள் இரண்டு வகை. முழங்கால் வலிக்கு இலவச வைத்தியம் கேட்டு வருகிற சொந்தக்காரர்கள் ஒரு வகை. வேலைத்தலத்திலிருந்து சந்தேகம் கேட்டு போன் எடுக்கிற பிள்ளைகள் இன்னொரு வகை. முதல் வகை வாசலில் தெரிந்தால் எனக்குத் திடீரென்று மார்க்கெட்டில் ஒரு வேலை வந்துவிடும். இரண்டாவது வகை என்றால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அண்மையில் அப்படி ஒரு பிள்ளை போன் எடுத்தாள். கண்டியில் நான் கடைசிவரை வேலை செய்த ஆஸ்பத்திரியில், நான் விட்டுவந்த இடத்தில் இப்போது அவள்தான் இருக்கிறாள். நோயாளிகளின் கையில் கட்டிவிட மணிக்கூடு மாதிரி ஒரு கருவி வந்திருக்கிறதாம். எவ்வளவு நடந்தார்கள், நாடி எப்படி, இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு எல்லாவற்றையும் அதுவே கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுமாம். நல்லதுதான், எங்கள் காலத்தில் கிடைத்திருந்தால் நானும் கும்பிட்டு வாங்கியிருப்பேன். எல்லாவற்றையும் விவரித்துவிட்டு அவள் கேட்டாள்: "இனி ஆட்கள்கிட்ட நாங்க என்னதான் மிஸ் கேக்கிறது?"

அந்தக் கேள்விக்கு ஒரு பெண்ணின் கதையைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். அதைப் போனில் சொன்னால் அவளுடைய காசும் என்னுடைய அடுப்பு வேலையும்தான் வீணாகும். எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

நான் இயன்மருத்துவர். பிசியோதெரபிஸ்ட் என்றால் கொஞ்சப் பேருக்குப் புரியும். நோயாளிகளுக்கு நான் எப்போதும் "எக்சசைஸ் மிஸ்". அப்பாவுக்குக் கண்டி டவுனில் ஒரு சிறிய பாத்திரக்கடை. மகள் கொழும்புக்குப் படிக்கப் போகிறாள் என்றதும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் என்னை "அரை டொக்டர்" என்று அறிமுகப்படுத்தினார். மீதி அரை என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கொழும்பில் எலும்பையும் தசையையும் மனப்பாடம் செய்தேன், விடுதிச் சோற்றைத் திட்டினேன், சிங்களத்தைச் சரளமாக்கிக்கொண்டேன். இந்த மூன்றில் பிற்காலத்தில் அதிகம் கை கொடுத்தது மூன்றாவதுதான். பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று எங்கள் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்த நாளில் என்னை பஸ் ஏற்றிவிட்ட அப்பாவுக்கு நான் இன்றும் கடன்பட்டவள்.

வேலைக்கு வந்து பல வருஷம் உடைந்த கை காலோடும் பக்கவாதக்காரர்களோடும்தான் போயிற்று. பிறகு இதயமும் நுரையீரலும் பார்க்கிற கிளினிக்குக்கு என்னைப் போட்டார்கள். அங்கேதான் சோமலதா மேடம் எனக்குத் தலைவியாக வந்தார்.

மேடத்தைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய குரலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. கோபம் வந்தால் இன்னும் தாழ்த்திப் பேசுவார். அப்போது நாங்கள் கிட்டப்போய்த் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். திட்டுவதும் ஒரே வசனத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தேநீர் குடித்தாயா என்று கேட்பார். இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள் வேலை செய்த அந்தப் பிரிவில் அவரைப் பற்றி ஒருவர்கூடப் புறம்பேசியதில்லை. எங்கள் பிரிவை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று விளங்கும்.

இனி நோயைப் பற்றிக் கொஞ்சம். நுரையீரல் தமனி உயர் இரத்த அழுத்தம் என்று தமிழில் எழுதினால் ஒரு மூச்சில் வாசிக்க முடியாது. அந்த நோய்க்காரருக்கோ ஒரு மூச்சில் சொல்லவே முடியாது. கையில் பட்டி கட்டிப் பார்க்கிற பிரஷர் இதுவல்ல. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் ஒடுங்கிப்போகும். கண்டியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஒரு பாதையை மூடினால் பின்னால் எப்படி பஸ்கள் அடைத்துக்கொண்டு நிற்குமோ, அப்படி இரத்தம் பின்னால் தேங்கும். அதைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகும். மருந்தால் தணிக்கலாம், முற்றாக மாற்றுவது அரிது.

இதில் பெரிய கொடுமை, நோய் வெளியில் தெரியாது என்பதுதான். உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். எழுந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினால் உதடு நீலமாகும். பஸ்ஸில் இடம் கேட்டால் "நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். வீட்டில் சோம்பேறி என்பார்கள். எங்கள் ஊர் வேறு ஏற்றமும் படிக்கட்டுமாக இருக்கிறது. கண்டியில் சமதரையில் வீடு கட்டியவன் ஒன்று பணக்காரன், இல்லாவிட்டால் மந்திரியின் மருமகன். மற்றவர்களெல்லாம் ஏறித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்த நோய்க்காரர்களுக்கு நாங்கள் ஒரு சோதனை செய்வோம். ஆறு நிமிட நடை. கேட்க லேசாக இருக்கும். நீண்ட கொரிடோரில் இரு முனையிலும் செம்மஞ்சள் நிறக் கூம்பு வைத்திருப்போம். முதலில் நோயாளியை அமர்த்தி, மூச்சு சமநிலைக்கு வரவிட்டு, விரலில் ஒட்சிசன் பார்க்கிற கிளிப்பை மாட்டுவோம். மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்வோம். பிறகு, உங்களால் முடிந்த தூரம் நடங்கள், ஓட வேண்டாம், களைத்தால் நில்லுங்கள், உட்காருங்கள், மணிக்கூடு மட்டும் நிற்காது என்று விளக்குவோம். எங்கள் பெண்களிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது: எதிரே டொக்டர் வந்தால் ஒதுங்கி நின்று கும்பிட வேண்டாம். அப்படிக் கும்பிட்டுக் கும்பிட்டே பாதி நேரத்தைச் செலவழித்த கம்பளைக்கார அம்மா ஒருவர் இருந்தார்.

மேடத்தின் விதிகள் கறாரானவை. நோயாளிக்கு முன்னால் நடக்கக்கூடாது, பக்கத்திலும் கூடாது. நம் வேகம் அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும். பின்னால், நிழல் மாதிரி. கைதட்டக்கூடாது, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று உசுப்பக்கூடாது. ஒவ்வொரு நிமிடமும் எல்லாருக்கும் ஒரே வசனம், ஒரே தொனி. "நல்லா நடக்கிறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு." தமிழ் ஆட்களுக்காக மேடம் இந்த வசனங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அவருடைய தமிழ் முழுவதும் அவ்வளவுதான். பிந்தி நடந்த என் கல்யாண வரவேற்பில் கைத்தடியோடு மேடைக்கு வந்த என் பெரியப்பாவைப் பார்த்து, ஏதாவது மரியாதையாகச் சொல்ல வேண்டுமே என்று, "நல்லா நடக்கிறீங்க" என்றார். பெரியப்பா சாகும்வரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கறாருக்குள்ளும் ஒரு விட்டுக்கொடுப்பு இருந்தது. எங்கள் கிளினிக் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிடித்துவிடும். பத்தரைக்குப் பிறகு நடக்கச் சொன்னால் தமிழர்கள் தயங்குவார்கள், சிங்களவர்களும் தயங்குவார்கள். பயத்தில் நாடி எகிறும். புதிதாக வந்த டொக்டர் ஒருவர் இது மூடநம்பிக்கை என்று எரிச்சல்பட்டார். மேடம் வாதாடவில்லை. பயந்தவர்களைக் காலையிலேயே நடக்க வைத்துவிட்டு, பயமில்லாதவர்களைப் பிறகு வைத்துக்கொண்டார். முஸ்லிம் ஆட்கள் பலர் பிந்தி நடக்கச் சம்மதித்தார்கள், ஜும்மாத் தொழுகைக்கு முன் விட்டுவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. எல்லாருக்கும் திருப்தி. மேடமும் மணிக்கூட்டை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் எதையும் தொடங்குவார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

கலைவாணி எங்களிடம் வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தாள். கெலிஓயாப் பக்கம் வீடு. கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் நின்றுகொண்டே வேலை. நாள் முழுவதும் சாரியை விரித்துக் காட்டுவதும் மடிப்பதும். மூச்சு வாங்குகிறது என்றபோது ஓர் இடத்தில் ஆஸ்துமா என்றார்கள், இன்னோர் இடத்தில் இரத்தம் போதாது என்றார்கள், சொந்தக்காரர்கள் உடம்பு போட்டுவிட்டது என்றார்கள். கடையில் புடவைக் குவியல்மேல் மயங்கி விழுந்த பிறகுதான் ஒரு டொக்டர் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். நோயின் பெயர் தெரியவே வருஷங்கள் போயிருந்தன. பிள்ளை இல்லை. இந்த உடம்போடு பிள்ளை பெறுவது உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அவளுடைய கணவர் சிவராஜா மாஸ்டரை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு டியூஷன் கொடுப்பவர். வகுப்பு அவர்கள் வீட்டில்தான். மேட்டில் இருந்த அந்த வீட்டுக்குப் படியேறித்தான் பிள்ளைகள் வருவார்கள். கலைவாணி கடை வேலையை விட்ட பிறகு அந்த வகுப்புத்தான் இருவருக்கும் சோறு போட்டது.

மருந்து தொடங்கி, கிளினிக்குக்கு ஒழுங்காக வந்தாள். நடையில் அசத்தினாள். முதல் தடவையை விட இரண்டாம் தடவை கூடுதல் தூரம், மூன்றாம் தடவை அதைவிடக் கூடுதல். மூச்சு எவ்வளவு என்று கேட்டால், "ரெண்டுதான் மிஸ்" என்று சிரிப்பாள். ஆனால் எக்கோவில் இதயத்தின் வலப்பக்கம் முன்னைவிடப் பெருத்திருந்தது. டொக்டருக்குக் குழப்பம். இரண்டாவது மருந்து ஒன்றைச் சேர்க்கலாமா என்று யோசித்தார். அது சுலபத்தில் கிடைக்கிற மருந்து அல்ல. தேவை என்று காட்டினால்தான் எடுக்கலாம். இவ்வளவு நன்றாக நடக்கிறவளுக்குத் தேவை என்று எப்படிக் காட்டுவது? பார்ப்போம், பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே போனார்.

எனக்கும் மனதுக்குள் ஏதோ இடித்தது. சிரிக்கிற உதடு நீலமாக இருந்தது. நடை முடிந்து உட்கார்ந்ததும் கதிரையின் கையைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது. நான்காவது தடவை மேடம் கொரிடோரின் ஓரத்தில் நின்று பார்த்தார். கலைவாணி கூம்பைச் சுற்றித் திரும்பியதும் என் காதருகே வந்து சிங்களத்தில் கேட்டார்: "ராஜி, இவளுக்கு இப்படித் திரும்ப யார் பழக்கினார்கள்?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். மற்றவர்கள் கூம்பைக் கோயில் வீதி மாதிரி அகலமாகச் சுற்றுவார்கள். இவள் உள்காலை ஊன்றி, ஓரடிகூட வீணாக்காமல், ஓட்டப்பந்தயக்காரி மாதிரி வெட்டித் திரும்பினாள்.

அடுத்த முறை வந்தபோது மேடம் கூம்புகளை எடுத்து அறையில் வைக்கச் சொல்லிவிட்டார். நடை இல்லை. மாஸ்டரை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு, எங்கள் சிறிய அறையில் கலைவாணியை உட்காரவைத்தார். நான் நடுவில், மொழிபெயர்க்க. மேடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நேற்று காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தாய்?

கலைவாணி முதலில் சிரித்து மழுப்பப் பார்த்தாள். வழமையான வேலைதான் என்றாள். என்ன வழமை என்று மேடம் கேட்டார். சமைத்தாயா? இல்லை, கடையில் இடியப்பம். குளித்தாயா? இல்லை. தலை சீவினாயா? கலைந்திருந்த பின்னலை அவள் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். மேடம் காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை வெல்ல ஆளில்லை.

"படுத்திருந்தேன் மிஸ்," என்றாள் கடைசியில். "முந்தாநாளும் படுத்துத்தான் இருந்தேன். கிளினிக் வருதுன்னா நாலஞ்சு நாளைக்கு முன்னாலயே ஒண்ணும் செய்யாம படுத்துக்குவேன். போயிட்டு வந்தப்பறம் எந்திரிக்கவே முடியாது. இந்த நடைக்காகத்தான் மிஸ் மாசம் முழுக்க மூச்ச சேத்து வைக்கிறேன்."

நான் அதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மேடம் என் கையைத் தட்டிக்கொடுத்த பிறகுதான் மீதியைச் சொன்னேன்.

ஏன் என்று கேட்டோம். நடையில் பெயிலானால் ஒட்சிசன் மெஷினைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மெஷின் வந்தால் படியில் ஏற்றும்போதே ஊருக்குத் தெரிந்துவிடும். நுரையீரல் நோய் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு நோய்தான் தெரியும், காசநோய். காசநோய்க்காரி இருக்கிற வீட்டுக்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்? டியூஷன் நின்றால் அடுப்பும் நின்றுவிடும். அதனால் அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று இருவரும் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். படியேறும்போது மூச்சு நின்றுவிடும் போலிருந்தால், போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவது போல நிற்பாளாம். தலைக்கனம் பிடித்தவள், எந்த நேரமும் போன் என்று அக்கம்பக்கத்தில் பெயர் எடுத்திருந்தாள்.

மாஸ்டரை உள்ளே கூப்பிட்டோம். அவர் நல்ல சிங்களம் பேசுவார். மறைக்கவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அவள் படுத்துக்கொள்கிற நாட்களுக்கு முன்பு, விடிகாலையில் ஆளில்லாத நேரம் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போவாராம். இரண்டு பக்கமும் கல் வைத்து, கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கவிடுவாராம். திரும்பும் இடத்தில் நேரம் வீணாகிறது என்று கண்டுபிடித்து, திரும்பக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கண் இருட்டுகிறது என்று அவள் சொன்னால், பரீட்சைப் பயம் எல்லாருக்கும் வருவதுதான் என்று தைரியம் சொல்லியிருக்கிறார். பழைய வினாத்தாள் செய்யாமல் எந்தப் பிள்ளை பாஸ் பண்ணும் என்று எங்களிடமே கேட்டார். பிள்ளையாருக்கு நேர்த்தி வேறு வைத்திருந்தார்கள்.

இந்த நோயில் மயக்கம் வருகிற அளவுக்கு விரட்டி நடப்பது உயிரோடு விளையாடுவது. எனக்கு அந்த மனிதனை உலுக்க வேண்டும் போலிருந்தது. மேடம் குரலைத் தாழ்த்தினார். அது கோபமா இரக்கமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

"மாஸ்டர், இது உங்கள் மனைவிக்கு வைக்கிற பரீட்சை இல்லை. மருந்துக்கு வைக்கிற பரீட்சை. மருந்து பெயிலானால் நாங்கள் வேறு மருந்து கொடுத்திருப்போம். நீங்கள் மருந்துக்கு டியூஷன் கொடுத்துப் பாஸ் பண்ண வைத்துவிட்டீர்கள்."

மாஸ்டர் நின்றபடியே இருந்தார். பிறகு உட்கார்ந்தார். எத்தனையோ பிள்ளைகளைப் பாஸாக்கிய மனிதர், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கலைவாணி எழுந்துபோய் அவருடைய தோளில் கை வைத்தாள். "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க மிஸ்," என்றாள், "எனக்காகத்தான் செஞ்சாங்க." மேடம் தமிழ் விளங்காவிட்டாலும் தலையாட்டினார். தேநீர் குடித்தீர்களா என்று இருவரையும் கேட்டார்.

பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்தி, சில வாரம் கழித்து, முன்கூட்டிப் படுத்திருக்காமல், சாதாரண நாள் ஒன்றில் வரச்சொல்லி மறுபடி நடத்தினோம். பாதி வழியிலேயே நின்றாள். சுவரில் சாய்ந்தாள். பின்னால் நின்ற நான் பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாருக்கும் சொல்கிற அதே வசனத்தை அதே தொனியில் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே கஷ்டமான ஆறு நிமிடம் அது. டொக்டர் முடிவைப் பார்த்ததும் இரண்டாவது மருந்துக்கு எழுதினார். அதைப் பெற அவர் அலைந்த அலைச்சலை நான் அறிவேன். அவர் நன்றாக இருக்கட்டும். மருந்து மெல்ல வேலை செய்தது. அற்புதம் நடக்கவில்லை. ஆனால் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது.

மருந்துக்குப் பிறகுதான் எங்களுடைய வேலை தொடங்கியது. மேடத்திடம் கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீட்டைப் பார்க்காமல் இந்த நோய்க்கு யோசனை சொல்வது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது மாதிரி. அடுப்புக்குப் பக்கத்தில் உயரமான ஒரு முக்காலி போட்டோம். நின்று செய்த வேலையை இருந்து செய்யலாம். குனிந்து எடுத்த சாமான்களெல்லாம் இடுப்பளவு தட்டுக்கு ஏறின. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. துவட்டி மாளாது, குளித்ததும் ஈரத்தை உறிஞ்சுகிற துவாய்ச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொன்னேன். பேச்சையும் வேலையையும் ஒன்றாகச் செய்ய வேண்டாம் என்றேன். மற்றப் பெண்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வராத யோசனை அது.

தலைமுடிதான் பிரச்சினை. நீண்ட முடி. கையைத் தலைக்குமேல் உயர்த்தினால் அவளுக்கு மூச்சு போய்விடும். வெட்டிவிடலாமா என்று கேட்டேன். கண் நிறைந்துவிட்டது. மாஸ்டர் இடையில் புகுந்து தான் பின்னிவிடுவதாகச் சொன்னார். தெரியுமா என்றேன். "மூணாப் பிரிச்சு, ஒண்ணு விட்டு ஒண்ணு மாத்திப் போடுறது தானே மிஸ், கணக்குத்தானே," என்றார். முதல் வாரத்துப் பின்னல் கயிறு திரித்த மாதிரி இருந்தது. பிறகு எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களில் அழகான பின்னல் அவளுடையதாகிவிட்டது.

மீதி இருந்தது படி. வீட்டுக்கு ஏறும் படிக்கட்டு மூன்று வீட்டு வாசல்களைத் தாண்டிப் போகும். ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து இளைப்பாறினால் அவளால் டவுனுக்குப் போய்வர முடியும், கோயிலுக்குப் போய்வர முடியும். அதற்கு மூன்று வீட்டாருக்கும் நோயைச் சொல்ல வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வற்புறுத்தவில்லை. அவர்களுடைய சோறு அது.

மாஸ்டர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஊர் வாய் வழியாகத் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடுவது என்று, பெற்றோர் கூட்டம் ஒன்று வைத்து என்னையும் கூப்பிட்டார். மூன்று வாசல்காரர்களும் வந்திருந்தார்கள். நான் நோயை விளக்கினேன். ஒட்டாது, காற்றில் பரவாது, காசநோய் இல்லை என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் ஆட்கள் நம்பாவிட்டாலும் தலையாட்டுவார்கள். கடைசி வரிசையில் இருந்த ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் எழுந்து, மரியாதையாகவே கேட்டார்: "மிஸ், நீங்க இந்த வீட்ல தண்ணி குடிப்பீங்களா?"

கலைவாணி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கையிலிருந்த அரைக் கோப்பையை வாங்கி, மீதியைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். ஆறிப்போயிருந்தது, சீனியும் இல்லை. அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை.

சில பிள்ளைகள் வகுப்பை விட்டு நின்றார்கள், பொய் சொல்லக்கூடாது. அந்த மாதம் கஷ்டமாகத்தான் போயிற்று. மற்றவர்கள் வந்தார்கள். கூட்டம் முடிந்து எல்லாரும் இறங்கிப்போன பிறகும் நடுவாசல் வீட்டு ஹாஜரா ராத்தா மட்டும் போகாமல் இருந்தார். அந்தப் படிக்கட்டில் எல்லாருக்கும் அவர் மூத்த சகோதரி, ராத்தா. கலைவாணியின் கன்னத்தைப் பிடித்து, "ஏன் புள்ள இவ்வளவு நாளும் செல்லாம ஈந்த? போன்ல பேசுறாளேன்டு நான் எவ்வளவு ஏசியிருப்பேன்," என்று விம்மினார். மறுநாள் காலையில் அவருடைய வாசலில் ஒரு கதிரை இருந்தது. கீழ் வாசலில் ஓய்வு பெற்ற சிங்கள பஸ் டிரைவர் ஒருவர், மழைக்கு நனையாமல் தகரக் கூரையே போட்டு, உட்கார ஒரு நீள வாங்கு அடித்தார். மேல் வாசல்காரர் தம் திண்ணையில் இடம் விட்டார். அந்த வாரம் கலைவாணி எத்தனையோ காலத்துக்குப் பிறகு தானாக டவுனுக்குப் போய் வளையல் வாங்கி வந்தாள். இதைச் சொல்லத்தான் அடுத்த கிளினிக்கில் டொக்டரைப் பார்க்குமுன்பே எங்கள் அறைக்கு வந்தாள்.

மேடம் ஓய்வு பெற்றுத் தெல்தெனியவில் மகனோடு இருக்கிறார். மிளகு காய வைத்துக்கொண்டு, அதே தாழ்ந்த குரலில், பேரப்பிள்ளைகளை ஆட்டிப் படைக்கிறார். அவரிடமிருந்து கற்றுக்கொண்டவற்றுக்கு நன்றி சொல்லப் போனால் தேநீரைக் கொடுத்து வாயை மூடிவிடுவார்.

இதை எழுத உட்காருமுன் கலைவாணியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று கெலிஓயாவுக்கு பஸ் ஏறினேன். கீழ் வாசல் வாங்கில் காஸ் சிலிண்டர் சுமந்து வந்தவர் இளைப்பாறிக்கொண்டிருந்தார். என் முழங்காலும் இப்போது முன்போல இல்லை. அவர் எழும்பும்வரை காத்திருந்து நானும் உட்கார்ந்தேன்.

நோய் போய்விடவில்லை. வருஷங்களில் கொஞ்சம் முன்னேறியும் இருக்கிறது. அவர்கள் அவ்வளவு பயந்த அந்த ஒட்சிசன் மெஷின் இப்போது முன்னறை மூலையில் நிற்கிறது, பூ வேலை செய்த துணியால் போர்த்தியபடி. அதற்குக் காற்று வேண்டும், மூடக்கூடாது என்று போனவுடனேயே ஏசினேன். துணியை இழுத்தபோது யாரோ ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலும் உருண்டு விழுந்தது. உள்ளே மாஸ்டர் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தார். விறாந்தையில் கலைவாணி கதிரையில் இருந்து, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்புச் சொல்லிக்கொடுத்தாள். அந்த வகுப்பு இப்போது அவளுடையது. "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள்.

பிள்ளையைக் கூட்டிப்போக ஒரு தாய் படியேறி வந்தாள். இளம் பெண், எனக்கு அறிமுகமில்லாதவள். செருப்பைக் கழற்றியபடியே, முற்றத்தில் மற்றப் பெற்றோரும் காத்து நிற்க, வழக்கமாகக் கேட்கிற தோரணையில் கேட்டாள்: "சாப்பிட்டாச்சா டீச்சர்? இன்னிக்கி மூச்சு எப்படி?"

"சாப்பிட்டேன். மூச்சு இன்னிக்கி நல்லா இல்ல," என்றாள் கலைவாணி.

உள்ளே மாஸ்டரின் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு பின்னம் தொடர்ந்தது. அவர் ஓடி வரவில்லை. நான் அவளை அறிந்த இத்தனை காலத்தில், நாலு பேர் முன்னால் "நல்லா இல்ல" என்று அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

"அப்ப நீங்க பேசாம இருங்க, நான் வாசிக்க வைக்கிறேன்," என்று அந்தத் தாய் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். கலைவாணி பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினாள். பிள்ளைகள் சத்தமாக வாசித்தார்கள்.